கடலோரச் சாலையில் ஒரு வண்டிவீடு

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள எங்கள் சென்னீர்குப்பத்து மக்களுக்குக் 'கேரவன்' என்னும் சொல் புதிதன்று. செம்பரம்பாக்கம் பக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களுக்குச் செல்லும் நீண்ட வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே இருக்கும் நடிகர் யாராக இருக்கும் என்று மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள் விவாதிப்பார்கள். படுக்கை, நாற்காலி, கண்ணாடி, கழிவறை யாவும் அடங்கிய அவ்வண்டி நம் ஊரில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் இளைப்பாறவும் பயன்படுவது. மேலைநாடுகளிலோ, அத்தகைய வண்டியிலேயே சமைத்து, உண்டு, உறங்கி, கணவனும் மனைவியுமாகக் கடலோரம் நாள்கணக்கில் பயணம் செய்யும் வழக்கம் உண்டு. பணி ஓய்வு பெற்ற பலருக்கு அதுவே முதுமையின் கனவு. கேரள அரசு 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. என்றாலும் நம்மில் பெரும்பாலோர் அவ்வாழ்க்கையைத் திரையில் பார்த்ததோடு சரி.

அவ்வாறு திரையில் பார்த்த ஒரு படத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாள் ஜூலை மாத நான்காம் ஞாயிறன்று வருகிறது. அந்நாளில் பங்கின் முதியோருக்காக நடத்தும் கூட்டத்தில் திரையிடலாம் என்று இளைஞர் ஒருவர் ஒரு படத்தை மடிக்கணினியில் கொண்டுவந்தார். "வயசான தம்பதியைப் பத்தின அழகான படம், ஃபாதர்" என்றார். முதலில் தனியாகப் பார்த்துவிடுவோம் என்று ஓரிரவு உட்கார்ந்தேன். படம் முடிந்தபின் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அதைக் கூட்டத்தில் காட்டவும் இல்லை. ஏன் காட்டவில்லை என்பதையும், அதன்பின் என் மனத்தில் நிகழ்ந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் பெயர் 'த லெஷர் சீக்கர்'. 'ஓய்வு தேடி' என்று தமிழில் சொல்லலாம். இத்தாலிய இயக்குநர் பாவ்லோ விர்ஸி ஆங்கிலத்தில் எடுத்த முதற்படம் இது. 2017-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் காட்டப்பட்டது. எல்லா என்னும் மனைவியாக ஹெலன் மிரனும், ஜான் என்னும் கணவராக டொனால்ட் சதர்லாண்டும் நடித்துள்ளனர். மைக்கேல் சடூரியன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2009-இல் வெளியிட்ட நாவல் இதற்கு மூலம்.

கதை எளியது. ஜான் ஓய்வு பெற்ற இலக்கிய ஆசிரியர். அல்சைமர் என்னும் மறதிநோய் அவர் நினைவுகளை ஒவ்வொன்றாக அழித்து வருகிறது. ஹெமிங்வேயின் பக்கங்கள் நினைவிருக்கின்றன. மனைவியின் பெயர் சில வேளைகளில் நினைவில்லை. எல்லாவுக்கோ புற்றுநோய் முற்றிவிட்டது. மருத்துவச் சிகிச்சையைத் தவிர்த்துவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், வீட்டில் நெடுநாள் கிடந்த 1975-ஆம் ஆண்டு மோட்டார் ஹோம் ஒன்றில் கணவரை ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுகிறார். வின்னபேகோ நிறுவனம் 'இந்தியன்' என்று பெயரிட்டு விற்ற பெரிய வண்டி அது. படத்தின் பெயர் அவ்வண்டிக்கு இத்தம்பதி சூட்டிய செல்லப்பெயர். வண்டியை ஓட்டுபவர் மறதிநோயாளியான கணவர். வழி சொல்பவர் மரணநோயாளியான மனைவி. பாஸ்டன் நகர்ப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, ஃப்ளோரிடாவின் முனையில் உள்ள கீ வெஸ்ட் தீவை அடைவது திட்டம். அங்கே ஹெமிங்வே 1931 முதல் 1939 வரை வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. அதைக் காணவேண்டும் என்பது ஜானின் நெடுநாள் ஆசை.

கீ வெஸ்ட் எத்தகைய இடம் என்பதை நம் வாசகர்க்கு உணர்த்த ஓர் ஒப்புமை போதும்: அது அமெரிக்கர்களின் தனுஷ்கோடி. நிலம் முடிந்த பிறகும் தீவு தீவாகக் கடலுக்குள் சாலை செல்கிறது. 1912-இல் அங்கே கடல்மேல் இருப்புப்பாதை அமைத்தார்கள். 1935-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. அப்பாதை இருந்த வழியே 1938-இல் கார்ச்சாலை திறக்கப்பட்டது. நமக்கோ 1914-இல் பாம்பன் பாலம் அமைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அரிச்சல்முனை வரை செல்லும் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. இனிச் செல்ல நிலமில்லை என்னும் இடத்தில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்தவர்களுக்கு, அங்கே நெஞ்சில் எழும் அமைதியும் அச்சமும் தெரியும். இயக்குநர் அவ்வுணர்வை நன்கு அறிந்திருக்கிறார். நாவலில் இத்தம்பதி டெட்ராய்ட் நகர்ப் பகுதியிலிருந்து மேற்கு நோக்கி, பழைய 66-ஆம் எண் சாலை வழியாக டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்கிறார்கள். படம் அப்பயணத்தைக் கிழக்குக் கடற்கரைக்கு மாற்றியது. குழந்தைகளின் உலகத்துக்குச் சென்ற பயணம் நிலத்தின் விளிம்புக்குச் செல்லும் பயணமாயிற்று. முடிவு என்னவாக இருக்கும் என்பதை அந்த மாற்றமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

முதலில் படத்தின் நிறைகளைச் சொல்ல வேண்டும். அவை மெய்யான நிறைகள்.

இரவில் வண்டிகள் தங்கும் திடல்களில் எல்லா ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பழைய குடும்பப் படங்களை ஒளிவில்லைகளாகக் காட்டுகிறார். இவர் யார், இது எந்த ஆண்டு, இந்தக் குழந்தை யார் என்று கணவரைக் கேட்கிறார். அவர் சில வேளை சரியாகச் சொல்கிறார். சில வேளை தம் மகளையே யாரென்று அறியாமல் விழிக்கிறார். பக்கத்து வண்டிகளில் தங்கியிருக்கும் முன்பின் தெரியாதவர்கள் வந்து அமர்ந்து அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். நினைவு என்பது ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் பொருளன்று. ஒருவர் மறந்ததை மற்றவர் அவருக்காகத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட இயலாது. இல்லறம் என்பதற்கு இறையியல் வகுப்புகளில் நான் எழுதிவைத்த வரையறைகளைவிட அத்துணியும் அதன்மீது விழுந்த ஒளியும் எனக்கு அதிகம் கற்பித்தன.

அவ்வாறே உடலைப் பேணும் காட்சிகள். ஆடையை நனைத்துவிட்ட கணவரை எல்லா கழுவித் துடைக்கிறார், திட்டிக்கொண்டே செய்கிறார், செய்து முடித்தபின் சிரிக்கிறார். ஓரிடத்தில் மனைவியை மறந்து ஜான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட, நோயுற்ற அந்த அம்மையார் ஒரு மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு துரத்திப் பிடிக்கிறார். நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இவர் இல்லாவிட்டால் அவர் கதி என்ன என்ற கேள்வி தொண்டையில் வந்து நிற்கிறது. சிரிப்பையும் இக்கேள்வியையும் ஒரே காட்சியில் தாங்கும் ஆற்றல் இரு நடிகர்களுக்கும் இருக்கிறது.

இல்லறத்தைப் பொய்யாக அழகுபடுத்தவும் படம் முயலவில்லை. எல்லாவின் பழைய காதலர் ஒருவரைப் பற்றிய சந்தேகம் ஜானை விட்டுப் போகவில்லை. மற்ற யாவும் மறந்தவருக்குப் பொறாமை மட்டும் மறக்கவில்லை! இறுதியில் எல்லாவே அம்மனிதர் தங்கியுள்ள முதியோர் இல்லத்துக்குக் கணவரை அழைத்துச் செல்கிறார். அம்மனிதருக்கு எல்லாவை நினைவே இல்லை. பின்னர், மனைவியை அண்டை வீட்டுப் பெண் என்று எண்ணிக்கொண்டு ஜான் பேசும் பேச்சில், பல ஆண்டுகளுக்கு முன் அப்பெண்ணோடு அவருக்கு இருந்த தகாத உறவு வெளிப்படுகிறது. மறதியால் ஒரு பாவ அறிக்கை! சினம் கொண்ட எல்லா அவரை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுச் சென்று, பின் திரும்பிவந்து அழைத்துக்கொள்கிறார்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. கோவலனும் கண்ணகியும் கடற்கரை நகரான புகாரிலிருந்து பெற்றோரிடம் சொல்லாமலே இருள் விலகுமுன் புறப்படுகிறார்கள். அங்கும் தவறிழைத்தவன் கணவன். உடன் நடப்பவள் மனைவி. வழியெல்லாம் அவள் பாதம் நோவதைக் கண்டு அவன் வருந்துகிறான். ஆனால் இளங்கோவடிகள் வழிப்போக்கர் இருவரை மட்டும் பாடிவிட்டு நிற்கவில்லை. பிற்பகுதியில், புகாரில் விட்டுவந்தவர்களின் கதையையும் நமக்குச் சொல்கிறார். செய்தி கேட்ட தாய்மார் இருவரும் துயரத்தால் இறக்கிறார்கள். தந்தையர் இருவரும் துறவு பூணுகிறார்கள். ஒரு தம்பதியின் பயணம் அவர்கள் இருவருக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் காப்பியம் அறிந்திருந்தது. இந்தப் படம் அதை அறியவில்லை. அதன் குறை அங்கேதான் தொடங்குகிறது.

பயணத்தின் முடிவு இது. கீ வெஸ்டில் ஹெமிங்வேயின் வீட்டை அடைகிறார்கள். அங்கே ஒரு திருமண விருந்து நடந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தில் ஜான் தொலைந்துபோக, எல்லா மயங்கி விழுகிறார். மருத்துவமனையில் கண்விழித்தவரைத் தேடி எப்படியோ ஜான் வந்து சேர்கிறார். இருவரும் அங்கிருந்து நழுவி வண்டிக்குத் திரும்புகிறார்கள். அன்றிரவு எல்லா பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுக் கணவரின் உயிரையும் தம் உயிரையும் முடித்துக்கொள்கிறார். அடுத்து நாம் காண்பது அடக்கச் சடங்கு.

இம்முடிவை அமைதியானது, அழகானது, காதலின் நிறைவு என்று பார்வையாளர் உணரவேண்டும் என்பதற்காகவே படத்தின் ஒளியும் இசையும் உழைக்கின்றன. நான் இதை ஏற்கவில்லை. அருட்பணியாளர் என்பதால் ஏற்கவில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். முதலில் ஒரு பார்வையாளனாகவே ஏற்கவில்லை. படம் தன் சொற்களைத் தானே மறுத்துக்கொள்கிறது என்பதே என் முதற்குற்றச்சாட்டு.

இரண்டு மணி நேரம் இப்படம் நமக்கு என்ன காட்டிற்று? பிறர் கழுவித் துடைக்கவேண்டிய நிலையில் இருக்கும் மனிதரும் அன்புக்குரியவர். அவருக்கு இன்னும் நகைச்சுவை உண்டு, பொறாமை உண்டு, ஒரு நாள் ஒரு நிமிடமேனும் மனைவியை அடையாளம் கண்டு மகிழும் முகம் உண்டு என்று காட்டிற்று. கடைசிப் பத்து நிமிடங்களில், அத்தகைய வாழ்வு இனி வேண்டாம் என்று முடிவுகட்டுகிறது. முதலில் சொன்னது உண்மையானால் பின்னர்ச் சொன்னது பொய்.

இரண்டாவது, முடிவெடுத்தவர் யார்? இருவர் பயணமாகத் தொடங்கியது ஒருவரின் தீர்ப்பாக முடிகிறது. எல்லா தம் உயிரை மட்டும் முடித்துக்கொள்ளவில்லை. எதற்கும் சம்மதம் சொல்லும் தெளிவை இழந்துவிட்ட கணவரின் உயிரையும் முடிக்கிறார். அவர் மனத்தில் இருந்தது கொடுமையன்று, அன்புதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உன்னை இன்னொருவர் கையில் விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லும் அன்பு, ஓரடி தவறினால் உடைமையாகிவிடுகிறது. மூன்றாவது, பிள்ளைகள். பெற்றோரை அருகிலிருந்து கவனித்து வந்த மகன் வில் இப்படத்தில் பெரும்பாலும் தொலைபேசியில் கத்துபவராகவே வருகிறார். அவருடைய உழைப்புக்கும் ஒரு கடிதமே மறுமொழி. நாவலில் எல்லாவே தன்மையில் கதை சொல்வதால், இது ஒரு பெண்ணின் மனம் என்ற எல்லைக்குள் நின்று நாம் படிக்கிறோம். படத்திலோ அந்த எல்லை இல்லை. ஒரு மனத்தின் முடிவு கதையின் தீர்ப்பாகவே ஒலிக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜான் போற்றும் ஹெமிங்வே 1961-இல் துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர். அத்துயர முடிவின் நிழல் இப்பயணத்தின்மீது விழுந்திருக்கிறது. ஆனால் 1952-இல் அவர் எழுதிய 'கடலும் கிழவனும்' கதையை நினைத்துப் பாருங்கள். எண்பத்து நான்கு நாள் மீன் கிடைக்காத முதிய மீனவர் சாந்தியாகோ, பெரிய மீனைப் பிடித்தும் சுறாக்களிடம் இழந்து, எலும்புக்கூட்டோடு கரை சேர்கிறார். கதை அங்கே முடிவதில்லை. குடிசையில் குப்புறக் கிடக்கும் கிழவரின் காயம்பட்ட கைகளைப் பார்த்து ஒரு சிறுவன் அழுகிறான். காப்பி வாங்கிவரப் போகிறான். இனி உம்மோடுதான் கடலுக்கு வருவேன் என்கிறான். தோற்ற முதுமையை இளமை வந்து தாங்குவதுதான் அக்கதையின் கடைசிப் பக்கங்கள். வாழ்நாளெல்லாம் ஹெமிங்வேயைக் கற்பித்த ஆசிரியரின் கதையில் அச்சிறுவனுக்கு இடமில்லாமல் போனதே!

தமிழில் அச்சிறுவன் இருக்கிறான். 2019-இல் மதுமிதா இயக்கிய 'கே.டி. (எ) கருப்புதுரை' படத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நம் தென்மாவட்டங்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்ற கொடிய வழக்கம் இருந்து வந்தது. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உடலைக் குளிரச் செய்து சாகவிடுவது. மயக்கத்தில் கிடந்த கருப்புதுரை கண்விழிக்கும்போது, தம் பிள்ளைகள் தமக்கு அதைச் செய்யத் திட்டமிடுவதைக் கேட்டு வீட்டைவிட்டு ஓடுகிறார். வழியில் குட்டி என்னும் சிறுவன் துணையாகிறான். இருவருமாக ஆசைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறார்கள். மு. ராமசாமியின் நடிப்பு மறக்க முடியாதது. அமெரிக்கத் தம்பதி பிள்ளைகளின் பராமரிப்பிலிருந்து ஓடிச் சாவை அடைகிறார்கள். நம் கிழவர் பிள்ளைகள் தரவிருந்த சாவிலிருந்து ஓடி வாழ்வை அடைகிறார். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' படமும் இதே வழக்கத்தைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற அப்படம், முதியவர் ஒருவர் குடும்பத்துக்கு எப்போது 'பாரம்' ஆகிறார் என்ற கேள்வியை நேராகக் கேட்டது.

ஆகவே, மேலைநாட்டார் இப்படித்தான், நாம் அப்படியல்லர் என்று நெஞ்சை நிமிர்த்த நமக்கு வழியில்லை. அங்கே மென்மையான இசையோடு நடப்பது இங்கே இளநீரோடு நடந்திருக்கிறது. இரண்டுக்கும் அடியில் உள்ள எண்ணம் ஒன்றே: பிறரால் தாங்கப்பட வேண்டிய உயிர் ஒரு சுமை.

இங்கே திருச்சபையின் போதனையைச் சற்றுத் தெளிவாகச் சொல்வது என் கடமை. ஏனெனில் நம் மக்களிடையே இதுபற்றிக் குழப்பம் உண்டு. பூந்தமல்லிக் குருமடத்தில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1995-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதற்கு முன் 1980-ஆம் ஆண்டு அறிக்கையும், பின் 2020-இல் வந்த 'நல்ல சமாரியர்' பற்றிய மடலும் சொல்வது ஒன்றே. கருணையின் பெயராலும் ஓர் உயிரை முடிக்கலாகாது. ஆனால் பயன் மிகக் குறைந்து வேதனை மட்டும் மிகும் சிகிச்சையை நோயாளி வேண்டாம் என்று மறுக்கலாம். வலிதீர்க்கும் மருந்தை ஏற்கலாம். இயல்பான மரணத்தை அமைதியோடு எதிர்கொள்ளலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2018-இல், மீளமுடியாத நிலையில் உள்ளவர்க்குச் செயற்கைச் சிகிச்சையை நிறுத்த நிபந்தனைகளோடு இடமளித்தது. உயிரைச் செயலால் முடிக்க இடமளிக்கவில்லை. எனவே மருத்துவமனைப் படுக்கையைத் தவிர்த்து, கணவரோடு கடலைப் பார்த்துச் சாகலாம் என்று எல்லா புறப்பட்டதில் குறை காண நான் யார்? அந்தப் பயணம் வரை நானும் அந்த வண்டியில் இருந்தேன். கடைசி இரவில்தான் என்னால் உடன் இருக்க முடியவில்லை.

எல்லாவைப் போன்றவர்களைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டும். தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அந்தத் தடையைச் சொல்லவில்லை. வேதனையும் அச்சமும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. செயலை எடைபோடுங்கள், ஆளை ஆண்டவரிடம் விடுங்கள் என்று எங்கள் ஒழுக்கவியல் பேராசிரியர் சொல்லுவார். ஒரு திரைப்படத்தை எடைபோடவும் அது நல்ல விதியே.

இனி நான் உறங்காமல் கிடந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் பங்கில் ஒரு தம்பதி. கணவர் ஆவடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகள் இருவரும் ஒரு வேனில் இடம்பிடித்து, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று கடலோரமாகவே வேளாங்கண்ணிக்குச் சென்று வந்தவர்கள். வழியில் நிறுத்திக் கட்டுச்சோறு உண்பதும், இரவில் வேனுக்குள்ளேயே உறங்குவதும் அவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கிடைத்த உல்லாசம். இப்போது கணவருக்கு மறதிநோய். மனைவியைத் தம் தமக்கை என்று எண்ணி "அக்கா" என்று அழைக்கிறார். ஒரு முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை கொண்டுசென்றபோது, அந்த அம்மா வாசல் வரை வந்து என்னை நிறுத்தினார். அவருக்கும் உடம்பு சரியில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

"சாமி, நான் முதல்ல போயிட்டா இவர யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

"ஆண்டவர் பாத்துக்குவார்மா" என்றேன். அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். சில மாதங்களுக்குப் பிறகு, மடிக்கணினித் திரையில் ஹெலன் மிரனின் முகத்தில் அதே கேள்வியைப் பார்த்தேன். படம் முழுவதும் எல்லா சுமந்து செல்லும் அச்சம் அதுதான். அவருக்குத் தம் சாவைப் பற்றி அச்சமில்லை. தாம் போனபின் அவர் என்ன ஆவார் என்பதுதான். அக்கேள்வியைக் கேட்கும் துணிவு இப்படத்துக்கு இருந்தது. பதில்தான் தவறானது. ஆனால் என் பதில் மட்டும் சரியானதா? ஒரு பொய்யான ஆறுதலால் எல்லா தம் கேள்வியை முடித்துக்கொண்டார். ஒரு மெய்யான வாக்கியத்தால் நான் அந்த அம்மாவின் கேள்வியை முடித்துவிட்டு நடந்தேன். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது உண்மையே. யார் கையால் பார்த்துக்கொள்வார் என்று சொல்லாமல் விட்டால் அது தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது.

திருத்தூதர் பவுலோடு பயணம் செய்த அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியை நாம் அறிவோம். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். உரோமை, கொரிந்து, எபேசு என்று பல நகரங்கள் வழியாக அவர்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர்களும் ஊர்விட்டு ஊர் சென்ற தம்பதியே. ஆனால் அவர்கள் சென்ற இடமெல்லாம் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடிற்று. கூடாரம் சிறிதானாலும் கதவு திறந்திருந்தது. எல்லா-ஜான் வண்டியின் கதவும் பாதிவழி வரை திறந்தே இருந்தது. அந்நியர்கள் வந்து வெள்ளைத் துணியில் படம் பார்த்தார்களே, அந்த இரவுகளில் அது ஒரு சிறு சபைதான். கடைசி இரவில் கதவு சாத்தப்பட்டது. அன்று தட்டுவதற்கு வெளியே எவரும் இல்லை. அதுவே இக்கதையின் துயரம். படம் அதை விடுதலை என்று எண்ணிவிட்டது.

படம் பார்த்த அந்த வாரமே, அம்மா வாழும் அன்பியத்தின் பெண்களை அழைத்துப் பேசினேன். பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. வாரத்தில் மூன்று நாள் பிற்பகல், ஆளுக்கொரு முறை, யாரேனும் ஒருவர் சென்று அந்தப் பெரியவரோடு அமர்ந்திருக்கிறார்கள். அந்நேரத்தில் அம்மா மருத்துவமனைக்குச் சென்று வருகிறார், அல்லது உறங்குகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் மாலையில் அவரைத் தெருமுனை வரை நடத்திச் செல்கிறான். சில வாரம் முறை தவறிவிடுகிறது. அதற்காகச் சிறு சண்டைகளும் நடக்கின்றன. தாம் முதலில் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இது முழுப் பதிலாகாது. எனினும், "சாமி, இப்ப கொஞ்சம் தூக்கம் வருது" என்று அம்மா சொன்னார்.

இப்படத்தை முதியோர் கூட்டத்தில் காட்டாதது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். அவர்களுக்குக் கேள்வி ஏற்கெனவே தெரியும். அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள். தொலைபேசியில் மட்டும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள். என்னைப்போல், வாசலில் நின்றபடி ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைபவர்கள். பார்க்கும்போது கடைசிக் காட்சியின் இசைக்கு மயங்காமல், அந்த வண்டியின் கதவை யார் போய்த் தட்டியிருக்க வேண்டும் என்று அவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.